முதல் கேக்குக்கு வெண்ணெய் வேண்டாம்

புதிதாகக் கேக் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் வெண்ணெய் கேக்கில்தான் கை வைக்கிறார்கள். சறுக்குவதும் அங்கேதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து வெளுக்க வெளுக்க அடிக்கும்போது உள்ளே சிக்கும் காற்றுதான் அந்தக் கேக்குக்கு உயிர். அதற்கு வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டாது, அதுதான் பதம். இன்னும் குளிர்ந்திருந்தால் காற்று ஏறாது, இளகிவிட்டால் ஏறிய காற்று நிற்காது. குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துபோகும். இவ்வளவும் முதல் நாளே கைக்கு வராது.

அதனால் தயிரும் எண்ணெயும் சேர்த்த கேக்கில் தொடங்குங்கள். ஒரு பெரிய கிண்ணம், ஒரு விஸ்க் (கையால் அடிக்கும் கம்பிக் கலக்கி), ஒரு ஸ்பாட்டுலா (வளைந்து கொடுக்கும் தட்டைக் கரண்டி) போதும், மின்சார பீட்டர் வேண்டியதில்லை. பிசகுவதற்கு இரண்டே இடம்தான் உண்டு: அளவு, சூடு.

7 அங்குல வட்ட டின்னுக்கு அளவு இது. மைதா 180 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 120 கிராம், முட்டை 2, வாசனையில்லாத எண்ணெய் 100 மில்லி, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். டீஸ்பூன் என்றால் அளவு ஸ்பூன். குவிக்காமல் கத்தியின் முதுகால் மட்டமாக வழித்த அளவு.

மைதாவை ஏன் கிராமில் சொல்கிறேன் என்றால், கப் கணக்கு அதில் ஏமாற்றும். ஸ்பூனால் அள்ளிப் போட்டு மட்டமாக்கினால் ஒரு கப் மைதா 120 கிராம் சொச்சம். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போய்விடும். ஒன்றரை கப் போடும் இடத்தில் 45 கிராம் மைதா கூடிவிட்டால் கேக் வறண்டு, இறுகி, தொண்டையை அடைக்கும். செய்முறை சரியில்லை என்று பழி விழும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே கிடையாது. கிண்ணத்தை வைத்து, பூஜ்யப் பொத்தானை அழுத்தி, ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டே போகலாம். கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும்.

பேக்கிங் பவுடரும் பேக்கிங் சோடாவும் ஒன்றல்ல. சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். இங்கே தயிர் அதைத் தருகிறது. பவுடரில் சோடாவோடு புளிப்புத் தரும் பொருளும் சோள மாவும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன, ஈரமும் சூடும் பட்டால் போதும். 120 கிராம் தயிருக்குக் கால் டீஸ்பூன் சோடாதான் கணக்கு. நன்றாகப் பொங்கட்டும் என்று அரை டீஸ்பூன் போட்டால் மிச்சச் சோடா அப்படியே தங்கி, சோப்பு வாடை அடிக்கும். கேக் வேகமாக எழும்பி, வேகும் முன்பே உட்கார்ந்தும் விடும். டப்பா திறந்து நாளாகியிருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள். பவுடரைச் சுடுநீரில் ஒரு டீஸ்பூன் போட்டால் சடசடவென நுரைக்க வேண்டும். சோடா என்றால் எலுமிச்சைச் சாற்றில். மெதுவாக நாலு குமிழி வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேலையை ஓவனிலிருந்து தொடங்குங்கள், கிண்ணத்திலிருந்து அல்ல. 170 டிகிரி, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், தட்டு நடு அடுக்கில். விசிறி ஓடும் ஓவன் என்றால் 155 போதும். குறைந்தது 15 நிமிடம் சூடேற வேண்டும். டின்னில் எண்ணெய் தடவி, அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பர் போடுங்கள். முட்டையும் தயிரும் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

மைதா, பவுடர், சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றால் சாப்பிடும்போது அந்த வாய் கசக்கும். சலிப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். பெரிய கிண்ணத்தில் முட்டையையும் சர்க்கரையையும் விஸ்க்கால் ஒரு நிமிடம் அடித்தால் நிறம் கொஞ்சம் வெளுத்து மேலே நுரை கட்டும். தயிர், எசென்ஸ் சேருங்கள். எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே கலக்குங்கள். கலவை ஒன்று கூடிப் பளபளக்கும், எண்ணெய் தனியாக மிதக்காது. இதுவரை எவ்வளவு அடித்தாலும் பாதகமில்லை.

மைதா விழுந்த பிறகுதான் கையை அடக்க வேண்டும். ஈரம் பட்ட மைதாவைக் கிளறக் கிளற அதன் பசைத்தன்மை இழையோடத் தொடங்கும். ரொட்டிக்கு அது வேண்டும், கேக்குக்கு ஆகாது. மைதாவை இரண்டு தடவையாகச் சலித்துப் போட்டு, ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். கிண்ணத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே இருபது, இருபத்தைந்து புரட்டில் வெள்ளைக் கோடுகள் மறைந்துவிடும். அங்கேயே நிறுத்துங்கள். கடுகளவு கட்டிகள் இரண்டொன்று தெரிந்தால் விட்டுவிடலாம், வேகும்போது கரைந்துபோகும். ஸ்பாட்டுலாவைத் தூக்கினால் மாவு பட்டையாக வழிந்து, விழுந்த தடம் ஓரிரு நொடி மேலே நின்று மறையும். அதுதான் பதம். தொப் தொப்பென்று கட்டியாக விழுந்தால் ஒரு மேசைக்கரண்டி பால் விடுங்கள். தயிர் மிகக் கெட்டியாக இருந்தால் அப்படி ஆகும்.

டின்னில் ஊற்றி, மேடையில் இரண்டு முறை தட்டி, உடனே உள்ளே வையுங்கள். ஈரம் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடுகிறது. கலந்த மாவை அரை மணி நேரம் காத்திருக்க வைத்தால் வாயுவில் பாதி அங்கேயே போய்விடும்.

வேக 38 முதல் 45 நிமிடம். முதல் 30 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். பொங்கி நிற்கும் மாவு இறுகும் முன் சூடு சட்டென்று இறங்கினால் நடுவில் குழி விழும். பிறகு நடுப்பகுதியில் குச்சியைச் செருகிப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் வேகவில்லை. ஒன்றிரண்டு ஈரத் துகள் ஒட்டினால் அணைத்துவிடலாம். விரலால் மெல்ல அழுத்தினால் மேல்பகுதி திரும்பி எழும்ப வேண்டும். ஓரம் டின்னை விட்டு இலேசாக விலகியிருக்கும்.

எது தவறியது என்பதைக் கேக்கின் உருவமே சொல்லிவிடும். நடு உயர்ந்து எரிமலை போல வெடித்திருந்தால் சூடு அதிகம். மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே பிறகு பொங்கும் மாவு அதைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அடுத்த முறை 160 வைத்து ஐந்து பத்து நிமிடம் கூட்டுங்கள். குழி விழுந்திருந்தால் வேகவில்லை, அல்லது சோடாவோ பவுடரோ கூடிவிட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே நீள நீளச் சுரங்கம் போல ஓட்டைகள் என்றால் மைதா சேர்த்த பின் கிளறியது அதிகம். அடியில் களி போல ஒரு பட்டை நின்றால் தயிர் நீர்த்திருந்தது, இல்லையென்றால் முன்சூடு பத்தவில்லை. ஓவன் குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வைத்துப் பார்த்தால், எத்தனையோ கேக் ஏன் கெட்டது என்பது அன்றே விளங்கிவிடும்.

டின் அளவை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். 6 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம், 7 அங்குலம் 38, 8 அங்குலம் 50. அளவில் ஓர் அங்குலம்தான் கூடுகிறது, மாவோ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். எந்த டின்னிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மீந்த மாவைக் கப்கேக் அச்சில் விட்டால் 18 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

சர்க்கரையை 120 கிராம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். இனிப்புக்கு மட்டுமல்ல, ஈரத்தைப் பிடித்து வைத்து மிருதுவாக்குவதும் அதுதான். முட்டை சேர்க்காதவர்கள் தயிரை 240 கிராமாகவும் சோடாவை அரை டீஸ்பூனாகவும் பவுடரை ஒன்றேகாலாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள், மற்றவை அப்படியே. சாக்லேட் கேக் வேண்டுமென்றால் 25 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு கோகோ பவுடர், கூடவே இரண்டு மேசைக்கரண்டி பால். கோகோ ஈரத்தை அதிகம் இழுக்கும்.

வெந்ததும் டின்னிலேயே பத்து நிமிடம் விடுங்கள். உடனே கவிழ்த்தால் உடையும். அரை மணி அப்படியே கிடந்தால் நீராவி அடியில் தங்கி, கேக் நசநசத்துப் போகும். கம்பித் தட்டில் கவிழ்த்து, பேப்பரை உரித்து, முழுதும் ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் கத்தியோடு பிசுபிசுவென்று வரும். ஆறியதை மூடிய டப்பாவில் வைத்தால் வெளியிலேயே இரண்டு நாள் தாங்கும். எண்ணெய் கேக் என்பதால் மறுநாள்தான் இன்னும் மெத்தென்று இருக்கும், ஒரு துண்டாவது அதற்காக எடுத்து வையுங்கள்.