இரண்டு கிடேரிகளும் ஒரு பழைய நோட்டும்

26 மாதம் ஆகியும் என் இரண்டு கிடேரிகள் பருவத்துக்கு வரவில்லை. கத்தல் இல்லை, கண்ணாடி மாதிரித் தொங்கும் வழும்பு இல்லை, பக்கத்து மாட்டின் மேல் ஏறுவதும் இல்லை. அதே கொட்டகையில் வளர்ந்த மூன்றாவது கிடேரி இவற்றைவிட எட்டு மாதம் இளையது. அது அதற்குள் சினை பிடித்து இரண்டு மாதம். மூன்றுக்கும் ஒரே தீவனம், ஒரே தண்ணீர். அதுதான் உறுத்தியது.

ஹார்மோன் ஊசி போட்டுவிடுங்கள் என்று மருத்துவரை நச்சரித்தேன். அவர் ஊசியைத் தொடவே இல்லை. நாடாவை எடுத்து மார்புச் சுற்றளவை அளந்து எடையைக் கணக்கிட்டார். பருவத்துக்கு வர வயதைவிட எடைதான் முக்கியமாம். எடையில் குறையில்லை. அடுத்து, காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தவையா என்று கேட்டார். அப்படிப் பிறக்கும் பெண்கன்று பெரும்பாலும் மலடாகவே இருக்கும். அதுவும் இல்லை. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். இந்த இரண்டில் மூத்ததற்குக் கருப்பை பரவாயில்லை, முட்டை உருவாகும் சினைப்பைதான் தூங்குகிறது என்றார். இளையதைப் பார்க்கும்போது வெகுநேரம் பேசாமலே நின்றார். பிறகு, சினைப்பை பட்டாணி அளவுதான் தட்டுப்படுகிறது என்றார்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி: "இதுங்க வயித்துல இருந்தப்போ தாய்க்கு என்ன போட்டீங்க?"

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மழை பொய்த்த வருடம். சினை ஊசி போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே பசுந்தீவனம் தீர்ந்துவிட்டது. அதன்பின் பத்து மாதம் வெயிலில் வெளுத்த பழைய வைக்கோலும் கொஞ்சம் அடர்தீவனமும்தான். மூன்றாவது கிடேரியின் தாய்க்குச் சினை நின்றது மழை வந்து புல் முளைத்த பிறகு.

பசும்புல்லில் இருக்கும் கரோட்டினிலிருந்துதான் மாடு வைட்டமின் ஏ தயாரிக்கிறது. வைக்கோலில் அது ஏறக்குறைய இல்லை. ஈரலில் இருக்கும் சேமிப்பு மூன்று நான்கு மாதம் தாங்கும். என் கணக்குப்படி, கரு மூன்றாம் மாதத்தை எட்டியபோது தாயின் கையிருப்பு காலி. பெண்கன்றின் சினைப்பையில் முட்டைகள் உருவாகி அடுக்கப்படுவது அந்தச் சமயத்தில்தான். அந்த முட்டை அணுக்கள் அடுத்த கட்டத்துக்குப் போவதில் வைட்டமின் ஏயிலிருந்து வரும் ஓர் அமிலத்துக்குப் பங்கு உண்டு என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். முட்டைக் கையிருப்பு பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். பிறந்தபின் எதைக் கொட்டினாலும் அது அதிகமாகாது.

உண்மையில், அடையாளம் அன்றே இருந்தது. அந்தத் தாய்களில் ஒன்று பொழுது சாய்ந்தால் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொள்ளும். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். மாலைக்கண்! ஈன்றபோது நஞ்சுக்கொடி விழாமல் தங்கியதும் அதே மாட்டுக்குத்தான்.

இது புதுச் சங்கதியும் இல்லை. டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்ற ஆய்வாளர் வைட்டமின் ஏ இல்லாத தீவனத்தில் ஒரு பன்றியை வைத்திருந்து, நடந்ததை 1933இல் எழுதினார். அது ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லை. 2019இல் வந்த எலி ஆய்வு ஒன்றில், தாய்க்கு வைட்டமின் சி குறைந்தபோது பெண்குட்டிகளின் முட்டை அணுக்கள் குறைந்தன, வளர்ந்தபின் அவை ஈனுவதும் குறைந்தது. மாடு வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும் என்பதால் அந்தக் கவலை நமக்கில்லை. பி வகைகளை வயிற்று நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டியவை வைட்டமின் ஏயும் வைட்டமின் ஈயும்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். ஈரல் காலியாகும்வரை ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டும், அதோடு இப்போது பார்த்து அன்றைய நிலையை எப்படிச் சொல்வது என்று கேட்டார். தாயின் பட்டினிதான் காரணம் என்று எழுதித் தரமாட்டேன், சந்தேகம் மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இரண்டுக்கும் தாது உப்புக் கலவையும் தினமும் பசுந்தீவனமும் கொடுத்தோம். மூத்தது மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்தது. மூன்றாவது சினை ஊசியில் சினை நின்றது. இளையதற்கு மறுபடி பரிசோதித்தும் அதே பட்டாணிதான். விற்றுவிட்டேன், வாங்கியவரிடம் விஷயத்தைச் சொல்லித்தான்.

இப்போது நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது: பச்சை கிடைத்த கடைசித் தேதி. அதிலிருந்து இரண்டு மாதம் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுகிறேன். வைட்டமின் ஏ ஊசியை நானாக வாங்கிக் குத்துவதில்லை. சினையின் தொடக்கத்தில் அது அளவு மீறினாலும் கரு கோணலாகும். சினை மாடுகளைப் பொழுது சாயும்போது தொட்டிப் பக்கம் ஒரு நடை ஓட்டிப் பார்க்கிறேன், முட்டிக்கொள்கிறதா என்று.