சாவி அழியாமல் பேட்டரி மாற்றிய இரவு

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு என் வாம்பயர் சேவியர் ஆர்கேட் விளையாட்டுப் போர்டு புதிய பேட்டரியோடு உயிர்பெற்றது. எச்சரிக்கைப் பக்கம் வந்தது, ஆட்டத்தைச் செய்த கேப்காம் நிறுவனத்தின் பெயர் வந்தது, இசையும் வந்தது. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கேப்காமின் ஆர்கேட் போர்டு வகையான சிபிஎஸ்-2 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதற்றம் புரியும். மறையாக்கிய ஆட்ட நிரலைத் திறக்கும் சாவி, அதாவது நினைவகத்தில் இருக்கும் ஒரு ரகசிய எண், மேல் போர்டில் இருக்கும் ஒரே ஒரு 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில் இருக்கிறது. அது தீர்ந்த நாளில் ஒரே நிறத்தில் உறைந்த திரைதான் மிஞ்சும். என் போர்டு 1997-இல் வெளிவந்த ஆட்டம், பச்சை உறை, ஜப்பானுக்கென்று செய்தது.

போன மாதம் இதே வேலையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஸீரோ போர்டைப் பறிகொடுத்தேன். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர்கள் சில நிமிடம் தாங்கும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்ப மனம் வராமல் தற்காலிகப் பேட்டரி ஒன்றை முதலைவாய்க் கவ்வியால் பிடித்துவைத்திருந்தேன். ஈயம் உறிஞ்சியை அழுத்திய அதிர்வில் கவ்வி எப்போது நழுவியதோ, நான் கவனிக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு ஆட்டம், அத்தனை வருடம் தாங்கிய சாவி, என் மேசையில் போய்விட்டது. இரண்டு நாள் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை.

எனவே இந்த முறை கவ்விக்கு இடமே இல்லை. அரை ஏஏ அளவுள்ள புதிய பேட்டரி ஒன்றைத் தற்காலிகமாக ஒரு பிடிப்பானில் வைத்து, நேர்முனையில் 1என்5817 ஷாட்கி டையோடு ஒன்றைச் சேர்த்து, இரண்டு மெல்லிய கம்பிகளைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டேன். பழைய பேட்டரி இருக்கும்வரை அதிலிருந்து மின்சாரம் புதியதற்குள் திரும்பிப் பாயாமல் டையோடு தடுத்துவிடும். பழையதை எடுத்த நொடியில் புதியது பொறுப்பேற்கும். கம்பியைப் பேட்டரியின் காலிலேயே வைத்தால் ஈயம் உருகும்போது அதுவும் கையோடு வந்துவிடும். அதனால் போர்டின் அதே செம்புத் தடத்தில் சற்றுத் தள்ளி ஓர் இடம் தேடினேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அந்த இடத்தைத் தேடும்போது மல்டிமீட்டரை ஒலியெழுப்பும் நிலையில் வைக்காதீர்கள். சாவி உயிரோடு இருக்கும் தடத்தில் மீட்டரின் மின்சாரத்தைச் செலுத்துவது வீண் ஆபத்து. வோல்ட் அளவிலேயே வைத்துத் தேடினால் போதும்.

அடுத்த தலைவலி எதிர்முனைக் கால். அது தரைத் தளத்தின் அகலமான செம்புப் பரப்போடு இணைந்திருப்பதால் கொடுத்த சூடு முழுவதையும் குடித்துவிடுகிறது. 350 டிகிரியில் ஈயம் அசையவே இல்லை. வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் பெயர்ந்துவிடும். ஸீரோ போர்டில் அதையும் பார்த்தேன். இந்த முறை பேட்டரியை முழுதாகப் பிடுங்க முயலவில்லை. முதலில் நேர்முனைத் தகட்டை மட்டும் கட்டரால் வெட்டினேன். மீட்டரில் 3.64 என்று இருந்தது 3.58-க்கு இறங்கி அங்கேயே நின்றது. அந்த எண் நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெட்டிய முனையில் டேப் சுற்றிவிட்டு எதிர்முனையை வெட்டினேன். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கட்டரே குறுக்குச்சுற்று ஆகிவிடும். பேட்டரி கழன்ற பிறகு மிச்சமிருந்த தகட்டுத் துண்டுகளுக்கு ஃபிளக்ஸ் தடவி, 60/40 ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்கினால், பழைய ஈயமும் இளகி, துண்டை இடுக்கியால் இழுத்ததும் வந்துவிட்டது. நேர்முனையைத் தொடும் ஒவ்வொரு முறையும் சோல்டரிங் அயனின் மின்இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டே தொட்டேன். சூடு அதற்குப் போதுமானதாகவே இருக்கிறது.

பேட்டரி வாங்குகிறவர்களுக்கு: பற்றவைக்கும் தகடு உள்ளதையே வாங்குங்கள். தகடில்லாத லித்தியம் பேட்டரியின் உடம்பில் நேரடியாகச் சூடு வைப்பது உயிருக்கே ஆபத்து, வெடிக்கும். எனக்கு முதலில் வந்த உறையில் நான்கில் இரண்டு பல வருடப் பழையவை. விற்றவரிடம் கேட்டால், "வோல்ட் சரியாகத்தானே இருக்கிறது" என்கிறார். இந்த வகைப் பேட்டரி கிட்டத்தட்டத் தீரும்வரை 3.6-ஐயே காட்டும், வோல்ட்டை வைத்து ஆயுளைச் சொல்லவே முடியாது. தேதிக் குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் போர்டில் இருப்பது 3.6 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2007-இல் இந்த மறையாக்க முறையையே உடைத்துவிட்டார்கள். 2016-இல் எடுவார்டோ குரூஸும் உடனிருந்தவர்களும், செத்த போர்டுக்கு அதன் சொந்தச் சாவியையே திரும்ப எழுதும் வழியை வெளியிட்டார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஸீரோவை அப்படித்தான் மீட்கப்போகிறேன். சாவியை எழுத ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை வாங்கியாகிவிட்டது, போர்டில் உள்ள சிஎன்9 இணைப்பிக்கான கம்பிகளும் தயார். நிரல் இருக்கும் ரோம் சில்லுகளை மாற்றி, மறை நீக்கிய நிரலை ஓட்டும் ஃபீனிக்ஸ் வழி எனக்கு ஒப்பவில்லை. அது அந்தப் போர்டின் நிரல் அல்ல. மீட்க வழி இருந்தாலும், ஒசாகாவின் கேப்காம் இட்ட சாவி ஒருமுறைகூட அறுபடாமல் வந்திருக்கிறது என்றால், அதை என் கையால் அறுக்கக் கூடாது. அவ்வளவுதான் என் காரணம்.

நியோ ஜியோ என்ற வேறு வகை ஆர்கேட் போர்டு ஒன்றும் காத்திருக்கிறது. அதில் சாவி கிடையாது, நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகித் தடங்களைத் தின்றிருக்கிறது. வினிகர், தண்ணீர், பிறகு ஆல்கஹால் என்று தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

சேவியரை இன்னும் மூடவில்லை. பிடிப்பானின் தற்காலிகக் கம்பிகளைக் கழற்றிவிட்டேன், போர்டில் பற்றவைத்த புதிய பேட்டரியின் மேல் தேதி எழுதி ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் மின்சாரம் இல்லாமல் வைத்து, மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே திருகுகளை முடுக்குவேன். அதுவரை பச்சை மூடி அலமாரியின் மேல்தான்.