கொட்டியாரக்குடாவுக்குள் இரண்டு புத்தகங்கள்

தினமும் கொட்டியாரக்குடாவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் அந்தக் கடலோடு ஒட்டிய இரண்டு புத்தகங்களைத் திருகோணமலையிலேயே நிறையப் பேர் தொட்டதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

ஒன்று, மூதூர்க்காரர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதைத் தொகுப்பு. தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவச் சிறுவனின் கதை அதில் இருக்கிறது. அதை மட்டுமாவது வாசியுங்கள்.

மற்றது ஆங்கிலேயக் கப்பலோடி றொபேட் நொக்ஸ் 1681இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலோடு இந்தக் குடாவுக்குள் வந்தவர், 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, தகப்பனையும் சிறையிருப்பிலேயே பறிகொடுத்து, ஊர்களுக்குள் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, 19 வருடங்களுக்குப் பிறகு அநுராதபுரக் காடு வழியாக ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போனார். மன்னனைப் பற்றி அவர் எழுதியதைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுக்க வேண்டும், அதில் கைதியின் கோபம் இருக்கிறது. ஆனால் வயல், சாப்பாடு, வீடு வாசல் பற்றிய பக்கங்கள் அருமை! பழைய ஆங்கிலம், மெதுவாகப் போங்கள். குட்டன்பேர்க் (Project Gutenberg) இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

'தோணி' என்னிடம் ஒரு பிரதி உண்டு. கேட்டால் தருகிறேன், பத்திரமாகத் திருப்பித் தந்தால் சரி.