தொட்டி நிறைந்தால் வாயைத் திறக்காத ரேடியோ

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் பாதி உயரத்தில் ஒரு மிதவை சுவிட்ச், விளிம்பில் இன்னொன்று. வெளியே சின்ன டப்பாவில் ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற குட்டிக் கணினி போர்டு, கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் என்ஆர்எஃப்24 என்ற ரேடியோ சிப், ரெண்டு ஏஏ பேட்டரி. தொட்டி நிறைந்ததும் கீழே சமையலறையில் பஸ்ஸர் அடிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். பிடித்துப்போனால் கேட்டுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று என்று வளர்த்துக்கொள்ளலாம். கீழே இருக்கும் ஒரே ரேடியோ ஆறு முகவரிகளிலிருந்து வருவதைக் கேட்கும்.

"வைஃபை இருக்கும்போது இது எதுக்கும்மா?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். வைஃபை போர்டு ஒவ்வொரு முறையும் எழுந்து, ரவுட்டரைத் தேடி, கடவுச்சொல் சொல்லி, ஐபி வாங்கி முடிக்க வேண்டும். இத்தனை சடங்குக்கும் பேட்டரிதான் படியளக்கணும். இந்த ரேடியோவுக்கு அதெல்லாம் கிடையாது. எழுந்ததும் அதிகபட்சம் 32 பைட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடும். பேசும்போது சுமார் 11 மில்லியாம்ப், அதுவும் கண்ணிமைக்கும் நேரம். தூங்கும்போது ஒரு மைக்ரோஆம்ப்கூட இல்லை.

அம்மாவுக்கு இந்தத் தூக்கம்தான் பிடிபடவில்லை.

"இது என்னடி பண்ணுது?"

"தூங்குதும்மா."

"எப்பவுமேவா?"

"எட்டு நொடிக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து மிதவையைப் பார்க்கும். ஒண்ணும் மாறலைன்னா மறுபடி தூங்கிடும்."

"இதைத் தூங்க வைக்கத்தான் நீ ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தியா?"

உண்மையில் அதற்குத்தான். இந்த மாதிரி நெட்வொர்க்கில் பேச வைப்பது சுலபம். ஆழ்ந்து தூங்க வைப்பதுதான் பெரும்பாடு. சிப் தூங்கினாலும் போர்டில் இருக்கும் மற்ற கூட்டாளிகள் தூங்க மாட்டார்கள். மிதவை சுவிட்ச் இணைந்திருந்தால், அதன் நிலையைப் படிக்கப் போடும் 'புல்-அப்' மின்தடை வழியாகக் கரண்ட் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பார்க்கும் நொடியில் மட்டும் புல்-அப்பைப் போட்டு உடனே எடுத்துவிட வேண்டும். எல்லாரையும் விட மோசம், போர்டில் சிவப்பாக மின்னும் அந்தக் குட்டி எல்இடி. தூங்கும் சிப் சாப்பிடுவது சில மைக்ரோஆம்ப் என்றால், சும்மா மின்னுகிற இது அதைவிடப் பல நூறு மடங்கு சாப்பிடும். சாலிடரிங் அயர்னை வைத்துப் பெயர்த்து எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "லைட் இல்லைன்னா உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?" சரி, அவருக்காகவே அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை "நலம்" என்று செய்தி அனுப்பும்படி எழுதி, கீழே ஒரு சின்னத் திரையையும் வைத்தேன். அதற்கப்புறம் எங்களில் யாரையும் அவர் அத்தனை தடவை நலம் விசாரித்ததில்லை.

டப்பாவைப் பொருத்துவது அப்பாவின் துறை. துளை போடும் மெஷின் அவர் கையில் இருக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. வெயில் படாமல், மழை அடிக்காமல், பார்க்கிறவர் கண்ணை உறுத்தாமல் இருக்கத் தொட்டியின் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டு அடித்து, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பொருத்தினார். தொட்டி கழுவி காலியாக இருந்த சமயம் அது. சமையலறைத் திரையில் "நலம்" பிசகாமல் வந்தது.

மோட்டாரைப் போட்டோம். "பாதி" என்று செய்தி வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. "நலம்" கூட இல்லை. கடைசியில் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம்தான் வந்தது. குளியல், துவையல் எல்லாம் முடிந்து தண்ணீர் இறங்கியதும், எதுவும் நடக்காத மாதிரி மறுபடி "நலம்". மறுநாளும் இதே கூத்து.

நான் சாலிடரைச் சந்தேகப்பட்டேன். ரேடியோவின் மின்சாரக் கால்களுக்குக் குறுக்கே, கரண்ட் தடுமாறாமல் இருக்க வைத்த 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சந்தேகப்பட்டேன். வைஃபை கூச்சலில் இருந்து தள்ளி சேனலை மேலே கொண்டுபோனேன், இன்னும் தூரம் எட்டட்டும் என்று வேகத்தை நொடிக்கு 250 கிலோபிட்டாகக் குறைத்தேன். அம்மா கீரை ஆய்ந்தபடியே சொன்னார்: "தொட்டி காலியா இருந்தா பேசுது. நிறைஞ்சா வாயை மூடிக்குது. இதுல என்னடி ஆராய்ச்சி?"

அதேதான். இந்த ரேடியோ பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். மைக்ரோவேவ் அடுப்பு சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரைச் சூடாக்குவதும் 2.45 கிகாஹெர்ட்ஸில். அந்த அலையைத் தண்ணீர் சில சென்டிமீட்டரிலேயே விழுங்கிவிடும். காலி பிளாஸ்டிக் தொட்டி அதற்குக் கண்ணாடி மாதிரி. நிறைந்த தொட்டி முழுச்சுவர். டப்பாவுக்கும் சமையலறைக்கும் நடுவில் அந்த மொத்தத் தண்ணீரும் நின்றது. பதில் வராத ஒவ்வொரு செய்தியையும் ரேடியோ 15 முறை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதாவது தொட்டி நிறைந்த நேரத்தில்தான் பாவம் அதிகமாகக் கத்தியிருக்கிறது.

"அப்ப அப்படியே விட்டுடு," என்றார் அம்மா. "பேசாம இருந்தா நிறைஞ்சிடுச்சுன்னு பஸ்ஸர் அடிக்கட்டும். மிதவையே வேண்டாம்."

ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன். காசில்லாத சென்சார்! ப்ரோகிராம் எழுதக்கூட உட்கார்ந்துவிட்டேன். அப்பாதான் இடைமறித்தார்: "பேட்டரி தீர்ந்தாலும் பேசாதே? அன்னிலேர்ந்து நம்ம தொட்டி வற்றாத ஜீவநதின்னு சொல்லுமா?" நலம் விசாரித்துப் பழகியவர் அல்லவா, மௌனத்துக்கு ரெண்டு அர்த்தம் உண்டு என்று அவருக்குத்தான் தோன்றியது.

டப்பாவைக் கழற்றி, படிக்கட்டைப் பார்த்த பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாற்றினோம். ஸ்பிரிட் லெவல் இந்த முறையும் உண்டு. தொட்டி நிறைகிறது, பஸ்ஸர் அடிக்கிறது, அம்மா திடுக்கிட்டுக் கரண்டியை நழுவ விடுகிறார். எல்லாம் சரியாக வேலை செய்கிறது.

அடுத்தது கேட் திறந்தால் சொல்லும் டப்பா. அப்பா இடம் பார்த்துவிட்டார். மழை படாது, வெயில் படாது, ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாதாம். இரும்புக் கேட்டின் ரெண்டு தகடுகளுக்கு நடுவில்.