அழிறப்பர் இல்லாமல் படித்த சித்திரம்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. சித்திரத்துக்கு 'ஏ', கணிதத்துக்கு 'சி'. கலைப்பிரிவுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உயர்தரத்துக்கு எடுக்கும் மூன்று பாடங்களில் ஒன்று சித்திரம் என்றதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "படம் கீறி என்ன உத்தியோகம் எடுக்கப்போறாய்?" என்று கேட்டார். அப்பா திருகோணமலையில், திருக்கடலூரில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு வாற வேலையை அவள் படிக்கட்டும்" என்றார். சித்திரம், இந்து நாகரிகம், புவியியல் என்று படிவத்தை நிரப்பினேன்.

வகுப்பில் சித்திரத்துக்கு நாங்கள் நான்கு பேர். முதல் தவணை முடிவதற்குள் ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு ஆள் வர ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் சித்திரப் பாடவேளையில் நூலகத்தில் உட்கார்ந்து கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டினோம். அப்போதுதான் இந்தப் பாடத்தில் எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று கண்டேன். நன்றாகக் கீறத் தெரிந்தால் போதும் என்று நினைத்து வந்தவள் நான். தாளில் அனுராதபுரச் சிற்பம், பொலன்னறுவை, கண்டிக்கால விகாரை ஓவியம், அஜந்தா, ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று வரிசையாக நின்றன.

அம்மாவுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சித்திர டீச்சர் ஒருவர் உப்புவெளியில் இருந்தார். சனிக்கிழமைகளில் அவர் வீட்டு விறாந்தையில் எங்கள் நான்கு பேருக்கும் வகுப்பு. காசு வாங்க மறுத்துவிட்டார். முதல் நாள் ஒரு செம்புக் குடத்தையும் இரண்டு தேங்காயையும் ஸ்டூலில் வைத்துக் கீறச் சொன்னார். நான் ஒரு கோடு போடுவேன், அழிப்பேன், மறுபடி போடுவேன். ஒரு மணிநேரம் போனபின் தாளில் குடத்தின் வாய் மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தில் தாளே பஞ்சாகிவிட்டது. டீச்சர் வந்து பார்த்தார். என் அழிறப்பரை எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"பிழையான கோடு இருக்கட்டும். அதுக்குப் பக்கத்திலதான் சரியான கோடு எங்க வரவேணும் எண்டு தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே அன்று கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனேன்.

குடத்தின் வாய் எனக்கு இரண்டு மாதம் பிடிபடவில்லை. வட்டமான வாய் என்று மூளை சொல்லும், கையும் வட்டமாகவே கீறும். குடம் மேசையில் நிற்கிறதா, அந்தரத்தில் கவிழ்ந்து தொங்குகிறதா என்று தெரியாது. கண்மட்டம், அதாவது பார்ப்பவரின் கண் இருக்கும் உயரம், என்று டீச்சர் பல முறை சொன்னார். ஒருநாள் சொல்வதை நிறுத்திவிட்டு, "நாளைக்குக் கோணேசர் கோயிலுக்கு வாங்கோ, கொப்பியும் கொண்டு வாங்கோ" என்றார்.

காலையில் முதலில் டச்சு பே கடற்கரையில் நிற்கவைத்தார். கடலும் வானமும் சந்திக்கும் கோடு எங்கள் கண்ணுக்கு நேரே இருந்தது. கிட்ட நின்ற வள்ளத்தின் அணியம் என்கிற முன்முனை அந்தக் கோட்டைத் தாண்டி வானத்தில் குத்தி நின்றது. வள்ளத்தின் பக்கப் பலகைதான் தெரிந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கீறினோம். பிறகு பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, சுவாமிமலை உச்சிக்கு ஏறினோம். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், கடற்கோடும் எங்களோடு ஏறி வந்து மறுபடியும் கண்ணுக்கு நேரே நிற்கிறது! கீழே போன வள்ளங்கள் எல்லாம் இப்போது அந்தக் கோட்டுக்குக் கீழே. வள்ளத்துக்குள் கிடக்கும் வலை, பெட்டி, ஆள் குந்தியிருக்கும் பலகை எல்லாம் தெரிந்தன.

"இப்ப வள்ளத்தைக் குடம் எண்டு நினைச்சுக்கொள்" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். கண்ணுக்கு நேரே இருக்கும் வாய் வெறும் கோடு. கண்ணுக்குக் கீழே இறங்க இறங்க அது விரியும். குடத்தின் அடி வாயைவிடக் கீழே இருப்பதால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட அதிகம். எத்தனையோ பிள்ளைகள் வாயை வளைத்துவிட்டு அடியை நேர்கோடாகக் கீறுவார்கள். நானும் அப்படித்தான் கீறிக்கொண்டிருந்தேன். அன்று இரவு குசினியில் அண்டா, கிண்ணம், தேநீர்க் கோப்பை என்று ஒவ்வொன்றையும் தரையிலும் மேசையிலும் தட்டிலும் வைத்துக் கீறினேன். அம்மா சமைக்கப் பாத்திரம் கேட்டுக் கத்தினார்.

வர்ணம் தீட்டுவதில் எனக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வெயிலில் போஸ்டர் கலர் தட்டிலேயே காய்ந்துவிடும். காய்ந்ததும் நிறமும் மாறும், கடும் நிறம் கொஞ்சம் வெளிறும். முடிந்தபின் அதே நிறத்தை மறுபடி கலக்க முடியாது. எனவே பெரிய இடத்துக்கு வேண்டிய நிறத்தை ஒரே தடவையில், தேவைக்குக் கூடுதலாகவே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நிழலுக்குக் கறுப்பை அள்ளிப் பூசவும் வேண்டாம். செம்புக் குடத்தின் நிழலில் நீலம் இருக்கிறது, பார்த்தால் தெரியும்.

எழுத்துத் தாளுக்குப் பாடமாக்கித்தான் தொடங்கினேன். பாடமாக்கியது நிற்கவில்லை. பிறகு கண்ட வழி, ஒவ்வொரு படைப்பையும் கையளவு சின்னதாகக் கீறி, குறிப்பைப் படத்தைச் சுற்றி எழுதுவது. வாசற்படியின் அடியில் பதிக்கும் அரைவட்டக் கல்தான் சந்திரவட்டக்கல். அனுராதபுரச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது சுற்றிவரும். பொலன்னறுவைக் கல்லில் எருது இல்லை. இதை நான்கு தடவை வாசித்தும் மறந்தேன், ஒரு தடவை கீறியபின் மறக்கவில்லை. வட்டதாகே என்கிற வட்டமான பௌத்தக் கட்டடத்தைப் புத்தகத்தில் பார்த்துப் புரியாமல், நாங்கள் நால்வரும் புல்மோட்டை பஸ் ஏறித் திரியாய் போனோம். மலையேறினால் நடுவில் சிறிய தாதுகோபம், அதைச் சுற்றி வட்டமாகக் கற்றூண்கள். பறவை மேலிருந்து பார்ப்பதுபோல் அதன் தரைப்படத்தைக் கொப்பியில் கீறினேன். பொலன்னறுவை வட்டதாகேயைப் பற்றிய கேள்விக்கும் அந்தப் படம்தான் கைகொடுத்தது.

சோழர்கால வெண்கலத்துக்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. 1950இல் ஊரில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி திருவுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. சிறுவயதிலிருந்து கும்பிட்ட சாமிகள். அவர்களை உலோகமாக, வார்ப்பாக, இடையின் வளைவாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முதலில் மனம் கூசியது. பிறகு, இப்படி உற்றுப் பார்ப்பதும் ஒரு கும்பிடுதான் என்று எனக்குப் பட்டது. பின்னர் இரவு ரயிலில் கொழும்பு போய், நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்களைப் பார்த்தபோது, அந்நியமான ஒன்றாக அவை தெரியவில்லை.

சீகிரியாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பாடசாலைச் சுற்றுலாவில் போனோம். ஐந்தாம் நூற்றாண்டு, காசியப்ப மன்னன் காலம், இடைக்குக் கீழே முகில் மறைத்த பெண்கள், சிவப்பும் மஞ்சளும் பச்சையும் என்பதெல்லாம் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. ஒரு பெண்ணின் கையை ஓவியன் முதலில் ஓரிடத்தில் கீறி, பிறகு இடம் மாற்றியிருக்கிறான். பழைய கை மங்கலாக இன்னும் சுவரில் இருக்கிறது. வழிகாட்டி அதைக் காட்டிவிட்டு நகர்ந்தார், பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். நான் நகர மனமில்லாமல் நின்றேன். ஏறத்தாழ 1,500 வருடம் அந்தப் பிழையான கோடு அங்கேயே இருந்திருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் கீழே இறங்கியதும் பஸ்ஸில் இருந்து அந்த இரண்டு கைகளையும் நினைவிலிருந்து கீறினேன். சனிக்கிழமை டீச்சரிடம் காட்டினேன். அவர் லாச்சியைத் திறந்து அழிறப்பரை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

செய்முறைப் பரீட்சை நாளில் கை நடுங்கியது. பொருட்கள் நடுவில், நாங்கள் சுற்றி. எனக்குக் கிடைத்த கோணத்தில் பானை முக்கால்வாசி ஒரு துணிக்குப் பின்னால் மறைந்திருந்தது. இடம் சரியில்லை என்று கொஞ்ச நேரம் மனம் குமைந்தேன், அதில் வீணாய்ப்போன நேரம் கடைசியில் தெரிந்தது. தரையில் விழுந்த நிழலை அவசரமாகத்தான் முடித்தேன். படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: எந்த இடம் கிடைத்தாலும் முதலில் சின்னதாக ஒரு மாதிரிப் படம் கீறி, எல்லாப் பொருளும் தாளுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பென்சிலை நீட்டிப் பிடித்து அளவெடுங்கள். அதற்குச் செலவாகும் நேரம் திரும்பக் கிடைக்கும்.

பெறுபேற்றில் சித்திரத்துக்கு 'பி' வந்தது. 'ஏ' எதிர்பார்த்தேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் கட்புலக் கலை படிக்க விண்ணப்பித்தேன். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கீறும் திறனைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சைக்குக் கடிதம் வந்ததும் அப்பா ஒரு புதுப் பலகையைச் சீவி, மூலைகளை உரசி, கீறும் பலகையாக்கித் தந்தார். மாமா பஸ் காசு தந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

விடியப்புறம் பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது இன்னும் இருட்டு. மூதூர், வெருகல், வாகரை என்று போகும் பாதை முழுக்கப் பலகையை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை கீறத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பதறி, பையைக் கிளறிவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, அழிறப்பர் இருக்கா?"

"இல்லையம்மா" என்றேன். என் தாளில் பானைக்கு மூன்று விளிம்புகள் இருந்தன. மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்திக் கீறினேன்.