வரவேற்பறைச் சுவரில் ஒரு புடைப்புக் கொடி: ஸ்டென்சில் வைத்துச் செய்து பார்த்த அனுபவம்

எங்கள் வரவேற்பறையின் வடக்குச் சுவர் கிழக்கு ஜன்னலை ஒட்டியே தொடங்குவதால், காலை வெளிச்சம் அதன்மேல் நேராக விழாமல் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகிறது. புடைப்பு வேலைப்பாட்டுக்கு அந்தச் சுவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். சுவரிலிருந்து இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் மட்டுமே எழுந்து நிற்கும் ஓர் இலை, வெளிச்சம் எதிரிலிருந்து அடித்தால் கண்ணுக்குத் தட்டுப்படுவதே இல்லை. பக்கத்திலிருந்து வந்தால்தான் அதன் ஓரத்தில் நிழல் விழுகிறது, அந்த நிழல்தான் இலைக்கு உருவம் தருகிறது. ஆகவே வடிவம், கலவை, நிறம் என்று எதை முடிவு செய்யும்போதும் நிழலை முன்வைத்தே யோசித்தேன்.

வடிவத்தைத் துளையாக வெட்டிய தகட்டை, அதாவது ஸ்டென்சிலை, சுவரில் ஒட்டி, அந்தத் துளைகளில் கலவையை நிரப்பிவிட்டுத் தகட்டை எடுப்பதுதான் முறை. வடிவத்துக்கு முதலில் சிக்குக் கோலத்தைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கோடு தன்னையே சுற்றி வந்து மூடிக்கொள்ளும் வடிவத்தைத் தகட்டில் வெட்டினால், வளையத்தின் நடுப்பகுதி பிடிமானமின்றித் தனியே விழுந்துவிடும். நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள அங்கங்கே வெட்டாத பாலம் விடலாம். எனினும் கோட்டின் ஓட்டமே அழகாக உள்ள கோலத்தில் அந்த இடைவெளிகள் உறுத்தும். இலைகளும் மொட்டுகளும் தனித்தனியாக நிற்கும் ஒரு கொடியை வரைந்து, பெயர்ப்பலகை செய்யும் கடையில் கொடுத்து, 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் லேசர் மூலம் வெட்டி வாங்கினேன். வண்ணம் தீட்டப் பயன்படும் மெல்லிய ஸ்டென்சில் இதற்கு உதவாது. தகட்டின் கனம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் புடைப்பின் உயரம்.

கலவையை ஒரு பிளைவுட் துண்டில் சோதித்துப் பார்த்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூர்மையான விளிம்பைத் தருகிறது, உலரும்போது சுருங்குவதுமில்லை. ஆனால் சில நிமிடங்களிலேயே இறுகிவிடுவதோடு, கிண்ணத்தில் பழைய கலவையின் துகள் ஒட்டியிருந்தால் அடுத்த கலவை இன்னும் விரைவாக இறுகுகிறது. வெள்ளைச் சிமென்ட் பட்டி மெல்லிய பூச்சுக்கானது. கனமாக வைத்தால் வெடிப்பு விடுகிறது. ஃபால்ஸ் சீலிங் வேலைக்காரர்கள் ஜிப்சம் பலகைகளின் இணைப்பில் பூசும் ஜாயின்ட் காம்பவுண்டே எனக்கு ஏற்றதாக இருந்தது. நீர் வற்றித்தான் அது உலர்கிறது என்பதால் உயரம் சற்றே குறைகிறது. ஆனால் நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் முறுக்கு மாவைவிடத் தளர்வாகவும் இருந்தால் கலவை தகட்டுக்கு அடியில் கசிவதில்லை.

சுவரின் பழைய எமல்ஷன் வழவழப்பாக இருந்ததால் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்தெடுத்தேன். ஓதம் ஏறும் சுவராக இருந்தால் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. எந்தக் கலவையும் உப்புப் பூத்து உரிந்துவிடும். தூக்குக்குண்டு தொங்கவிட்டு நடுக்கோட்டைப் பென்சிலால் குறித்தேன்.

பூசும் வேலை எளிதானது. தகட்டை எடுப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டியிருக்கிறது. மாஸ்கிங் டேப்பால் தகட்டை ஒட்டி, பட்டித்தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் இழுத்து, மேலே மிஞ்சிய கலவையை வழித்தெடுத்ததும், உலரும்வரை காத்திராமல் உடனே ஸ்டென்சிலை எடுத்துவிட வேண்டும். இரு கைகளாலும் பிடித்து, பக்கவாட்டில் நகராதபடி சுவரிலிருந்து நேராக வெளியே இழுக்கும்போது, இலையின் விளிம்பில் மட்டும் கலவை மெல்லிய வரப்பாக எழுந்து நிற்கும். ஈரமாக இருக்கும்போது அதைத் தொட்டால் இலையே கலைந்துவிடும். பாதி உலர்ந்தபின் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றினால் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தகட்டின் பின்புறத்தைக் கழுவித் துடைத்தேன். ஈரமான இலைமேல் தகடு படாமலிருக்க ஓர் இடம் விட்டு ஓர் இடமாகப் பூசி, அவை காய்ந்தபின் இடையில் உள்ளவற்றை நிரப்பினேன்.

முழுவதும் உலர்ந்தபின் 220 எண் தாளால் லேசாகத் தேய்க்கும்போது, டார்ச் விளக்கைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தால் மேடுபள்ளம் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சு அவசியம். காம்பவுண்ட் வண்ணத்தை அதிகம் உறிஞ்சுவதால், பிரைமர் இல்லாவிட்டால் கொடி மட்டும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

பெயின்டர் அண்ணன் இலைகளுக்குத் தங்க நிறம் கொடுக்கச் சொன்னார். அவர் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் உடன்படவில்லை. வேறு நிறம் வந்துவிட்டால் கண் நிறத்தைத்தான் பார்க்கும், நிழலைப் பார்க்காது. சுவருக்கும் கொடிக்கும் ஒரே இளஞ்சந்தன நிறத்தை, பளபளப்பில்லாத மேட் எமல்ஷனில் இரண்டு கை அடித்தேன். காலையில் ஒவ்வோர் இலைக்கும் ஒரு பக்கம் தெளிவான நிழல் கோடு விழுகிறது. உச்சிப்பொழுதில் கொடி சுவரோடு கரைந்துவிடுகிறது. இரவிலும் தெரிய வேண்டுமென்பதற்காக, சுவரின் மேல் ஓரத்தில் கீழ்நோக்கி ஒளி வீசும் எல்.இ.டி. பட்டை ஒன்றைப் பொருத்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். ஒளி மேலிருந்து வரும்போது நிழல் இலைகளுக்குக் கீழே விழும் என்பதால், கூரையருகே இன்னும் பூசாமல் விட்டிருக்கும் மொட்டு வரிசையை அந்த விளக்கை எரியவிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யப் போகிறேன்.