ஐந்தாம் கியர் ஆசை

02.07.2023, ஞாயிறு

அண்ணன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன ஆல்டோ மூன்று மாதமாக மாமரத்தடியில் சருகு மூடிக் கிடந்தது. இன்று மாமாவை அருகில் இருத்திக்கொண்டு வெளியே எடுத்தேன். லைசன்ஸ் எடுத்து ஆறு வருசம். ஆனால் இதுவரை ஓடினதெல்லாம் ஸ்கூட்டிதான்.

மாமா முப்பது வருசம் பஸ் ஓட்டினவர். அவருடைய பாடம் ஒன்றே ஒன்று: "டக்கெண்டு டொப்புக்குப் போடு புள்ள, பெற்றோல் மிஞ்சும்." ஜனாதிபதி கோட்டா போய் ஒரு வருசமாகப் போகுது, பெற்றோலுக்கான கியூஆர் கோட்டா இன்னும் போகல்ல. மிச்சம் பிடிக்கச் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்? காத்தான்குடி தாண்டி முப்பத்தைந்திலேயே ஐந்தாம் கியரைப் போட்டுவிட்டேன்.

கல்லடிப் பாலத்தில் முன்னால் போன ஓட்டோ பிரேக் அடித்தது. நானும் குறைத்து, திரும்ப அக்சிலரேட்டரை அமத்தினால் கார் போகமாட்டேன் என்கிறது. இருமல்காரக் கிழவரைப்போல உதறல். கியர்த்தடி உள்ளங்கையில் நடுங்கியது. கண்ணாடியும் சேர்ந்து நடுங்கியதில் பின்னால் வந்த ஒரே லொறி இரண்டாகத் தெரிந்தது.

மாமா அதைக் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் தெரிந்த 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தைக் காட்டி, 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை எதிர்ப்பக்கம் வாறது முடியும் மட்டும் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

05.07.2023, புதன்

கராஜ் தம்பியிடம் சொன்னேன். சிரித்தான்.

"அக்கா, மாமா ஓட்டினது டீசல் பஸ். அது குறைஞ்ச சுத்திலயே இழுக்கும். இது 796 சிசி, மூண்டு சிலிண்டர். சுத்த விட்டாத்தான் வேலை செய்யும்."

இந்த இஞ்சினின் முழு இழுவையே 69 நியூட்டன் மீற்றர்தான், அதுவும் நிமிடத்துக்கு 3500 சுற்றில் வருவது. சுற்று காட்டும் மீற்றர் இந்தக் காரில் இல்லை. அப்போ எத்தனையில் மாற்றுவது என்று கேட்டேன்.

"நம்பரை விடுங்க. காலை லேசா அமத்திப் பாருங்க. கார் உடனே கேட்டா கியர் சரி. கேக்காட்டி ஒண்டு கீழ."

உதறவிட்டு ஓட்டினால் இஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள்தான் முதலில் அடிபடுமாம். மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது?

09.07.2023, ஞாயிறு

தனியே போனேன். செங்கலடியால் திரும்பி, பதுளை றோட்டில் கரடியனாறு வரை. கச்சான் அடிக்கிறது. (கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று.) வயல் வெளியில் முகத்துக்கு நேரே வந்தது. ஐந்தில், அறுபதில் போனேன். காலை நான் எடுக்கவே இல்லை, முள் மட்டும் மெல்ல ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. அமத்தினேன். "ம்ம்ம்" என்று ஒரு முனகல், அவ்வளவுதான். நாலுக்கு இறக்கினேன். சத்தம் கூடியது, காரும் எழும்பிப் போனது.

திரும்பி வரும்போது காற்று முதுகில். அதே றோட்டு, அதே அறுபது, ஐந்தே போதுமாக இருந்தது.

16.07.2023, ஞாயிறு

மண்டூர்க் கோயிலுக்கு அம்மாவோடும் மாமாவோடும். குருமண்வெளியில் பாதையில் கார் ஏற்றவேண்டும். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் றோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவை.) ஏறுபலகை ஈரம். முதலாம் கியர், அரைக் கிளச், நடுவில் எதையும் மாற்றக் கூடாது. முன்சில்லு பலகையில் ஏறி மிதவை லேசாகத் தாழ்ந்தபோது என் வயிறும் தாழ்ந்தது. அம்மா முருகனைக் கூப்பிட்டா. ஏறி நின்றதும் இஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, முதலாம் கியரிலேயே விட்டேன். மாமா தலையாட்டினார். முதல் பாராட்டு.

30.07.2023, ஞாயிறு

பதுளைக்கு ஐந்து பேர், போதாததற்கு அரை மூட்டை அரிசி. மட்டக்களப்பில் ஏற்றம் என்று பாலத்தைத் தவிர வேறு ஒன்றும் பார்க்காத எனக்கு லுணுகலை வளைவுகள் மலைப்பாக இருந்தன. ஏறுவது கஷ்டமில்லை: இரண்டு, சில இடத்தில் மூன்று, காது சொன்னபடி.

பிழை விட்டது திரும்பி வரும்போதுதான். இறக்கம்தானே, சும்மா உருளட்டும், பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டேன். மூன்றாவது வளைவிலேயே கருகல் மணம். பிரேக் மிதி பஞ்சு மாதிரி இறங்கியது. மாமா குரலை உயர்த்தாமலே சொன்னார்: "ஓரமா நிப்பாட்டு. ஏறின கியரிலதான் இறங்கணும்."

இறங்கி நின்று முன்சில்லுக்குப் பக்கத்தில் கையை வைத்தேன். தொடவில்லை, அதற்கே அடுப்படி மாதிரிச் சுட்டது. ஆறும்வரை அரை மணி நேரம் பிளேன்டி. கராஜ் தம்பிக்கு அழைத்தேன். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இஞ்செக்டர் பெற்றோலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் இஞ்சின் தன்பாட்டில் குடித்துக்கொண்டிருக்கும் என்றான். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவழித்திருக்கிறேன், பிரேக்கையும் சேர்த்து.

இரண்டில் இறங்கினேன். இஞ்சின் இரைந்தது, காரை அதுவே பிடித்துக்கொண்டது. பிபிலை தாண்டி றோட்டு நேரானதும் மாமா, "இனி டொப்புக்குப் போடன்" என்றார். நாலில் காலை லேசாக அமத்திப் பார்த்தேன். உடனே கேட்டது. பிறகுதான் ஐந்து. அதற்குள் மாமா தூங்கிவிட்டார்.